பெரிய பாட்டுகளுக்குள்ள உங்கட பத்துப் பாட்டைத் தெரிஞ்செடுக்கிறது எப்பிடி

ஆரையாவது பிடிச்சு உங்களுக்குப் பிடிச்ச பத்துப் பாட்டுச் சொல்லுங்கோ எண்டு கேட்டுப் பாருங்கோ. முதல் மூண்டும் டக்கெண்டு வரும், நாலாவதுக்குக் கொஞ்சம் யோசிப்பினம், அஞ்சாவதில இருந்து கை போனுக்குப் போகும், யூரியூப்பைத் திறந்து அது காட்டிறதை ஒவ்வொண்டா வாசிக்கத் தொடங்குவினம். கிளிநொச்சியிலயும் இதுதான், மாங்குளத்திலயும் இதுதான், படிச்ச பெடியளும் இப்பிடித்தான் செய்யினம். பாட்டுக் கேக்காத ஆக்கள் எண்டு இல்லை, நாள் முழுக்கக் காதில ஏதோ ஓடிக்கொண்டுதான் இருக்கு, ஆனா தனக்கு எது வேணும் எண்டு நிண்டு தேடினதில்லை. அப்பிடித் தேடோணும் எண்டு இப்பத்தான் யோசிக்கத் தொடங்கின ஆக்களுக்குத்தான் இதை எழுதுறன்.

ஒண்டை முதலே சொல்லிப்போடுறன். உலகத்திலயே பெரிய பாட்டு எது எண்டு தீர்ப்புச் சொல்லுறது எங்கட வேலை இல்லை, அதைக் கனபேர் கன வருசமாச் செய்து கொண்டிருக்கினம். எங்களுக்குள்ள வேலை, அந்தப் பெரிய பாட்டுகளுக்குள்ள எதோட நாங்கள் இருக்கப்போறம் எண்டு பாக்கிறது. அதுக்கு ஒரு பாட்டை முழுசாக் கேட்டிருக்கோணும், கேட்டுப்போட்டு "இந்த இடம்தான் என்னைப் பிடிச்சது" எண்டு கை வைச்சுக் காட்டவும் தெரியோணும். கீழ சொல்லுறதெல்லாம் அதுக்கான வழிதான்.

முதல்ல ஒரு கொப்பி

போனைத் தூக்கி ஒரு பக்கம் வையுங்கோ. நாப்பது பக்கக் கொப்பி ஒண்டும் பென்சிலும் காணும். ஒரு கிழமைக்கு, வேலை செய்யேக்கயோ, வரம்பில நடக்கேக்கயோ, பஸ்ஸுக்கு நிக்கேக்கயோ, தானா வாயில வாற பாட்டெல்லாத்தையும் எழுதுங்கோ. பேர் தெரியாட்டி முதல் வரியை எழுதுங்கோ, வரியும் தெரியாட்டி "புல்லாங்குழலோட தொடங்கிற பாட்டு" எண்டாவது எழுதுங்கோ, பேந்து தேடலாம். இது சின்னப்பிள்ளைப் பாட்டு, இது பழைய பாட்டு, இதைச் சொன்னால் சிரிப்பினம் எண்டெல்லாம் யோசிச்சு வெட்டக்கூடாது. ஒழுங்கு போடவும் வேண்டாம். கிழமை முடிய அந்தக் கொப்பியில நீங்கள் கன வருசமாத் தேடிக் கேக்காத பாட்டெல்லாம் இருக்கும், அதுகள் கேக்காமலே உள்ளுக்க தங்கி இருந்த பாட்டு, அதால அதுகளுக்கு முதல் இடம்.

டிக்டொக்கில, றீல்ஸில கேட்டதெண்டால் பக்கத்தில ஒரு புள்ளி போட்டு வையுங்கோ. பதினைஞ்சு செக்கன் துண்டுதான் உங்களுக்குத் தெரியும், மிச்சப் பாட்டு எப்பிடிப் போகுதெண்டு தெரியாது. பிடிக்காது எண்டு அர்த்தமில்லை, இன்னும் கேக்கேல்லை, அவ்வளவுதான்.

பிறகு வீட்டு ஆக்கள்

இதை விட்டிடாதேங்கோ. எங்கட பக்கத்தில பாட்டு வீட்டுக்குள்ள வந்த வழியே வேற. கொழும்பில 1925இல தொடங்கின வானொலி பிறகு இலங்கை வானொலியா வளர்ந்து, அதின்ர தமிழ்ச் சேவையை கடல் தாண்டித் தமிழ்நாட்டிலயும் சனம் காத்திருந்து கேட்டது. காலமையில பொங்கும் பூம்புனல், நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை, பி.எச்.அப்துல் ஹமீது நடத்தின பாட்டுக்குப் பாட்டு, கே.எஸ்.ராஜாவின்ர குரல், இதையெல்லாம் அப்பா அம்மாவிட்டக் கேட்டால் முகமே மாறும். இந்தியச் சினிமாப் பாட்டோட சேத்து எங்கட ஆக்களின்ர பொப்பிசையும் அப்பிடித்தான் வந்தது, ஏ.ஈ.மனோகரன், நித்தி கனகரத்தினம் எண்டு. சின்ன மாமியே பாட்டுத் தெரியாத கலியாண வீடு ஒண்டு எங்கட பக்கத்தில இருந்திருக்குமோ தெரியாது.

அதுக்குப் பிறகு 90கள், சண்டைக் காலம். வன்னிக்குள்ள கரண்ட் இல்லை, பற்றரியும் வர விடுறேல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒராள் கையால பெடலைச் சுத்த, டைனமோவில வாற கரண்டில றேடியோ பாடும், கசெற்றும் பாடும், சுத்திறவர் களைச்சால் கசெற் இழுபடும், பக்கத்தில இருக்கிற எல்லாரும் சேந்து கத்துவினம். அந்தக் காலத்து ஆக்களிட்ட "உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது" எண்டு பொதுவாக் கேளாதேங்கோ, "எல்லாம் நல்ல பாட்டுத்தான்" எண்டு போட்டுப் போயிடுவினம். "சைக்கிள் சுத்திக் கேட்ட காலத்தில எந்தப் பாட்டு வந்தால் நிப்பாட்ட விடமாட்டியள்" எண்டு கேளுங்கோ. "உங்கட கலியாணத்தண்டு ஸ்பீக்கரில என்ன போட்டவை, அம்மம்மா" எண்டு கேளுங்கோ. அப்பத்தான் பேரோட வரும், கதையோட வரும். வாறதைக் கொப்பியின்ர பின்பக்கத்தில எழுதுங்கோ, ஆர் சொன்னது எண்டும் சேத்து.

வெளி லிஸ்ற்றுகளை எப்பிடிப் பாக்கிறது

இப்ப இன்ரநெற்றில இருக்கிற "எல்லாக் காலத்துக்கும் பெரிய பாட்டுகள்" லிஸ்ற்றுகளுக்கு வரலாம். அதைப் பாக்கத்தான் வேணும், இல்லாட்டி எங்கட வீட்டு வேலிக்கு அங்கால என்ன இருக்கெண்டே தெரியாமப் போகும். ஆனா அது எப்பிடிச் செய்யப்படுது எண்டு தெரிஞ்சுகொண்டு பாக்கோணும்.

அமெரிக்காவில ரோலிங் ஸ்ரோன் எண்டு ஒரு சஞ்சிகை, 2004இல ஐநூறு பெரிய பாட்டு எண்டு ஒரு லிஸ்ற் போட்டது. பொப் டிலன் 1965இல பாடின லைக் எ ரோலிங் ஸ்ரோன் முதலாவது. 2021இல திரும்ப ஆக்களைக் கூப்பிட்டு, வேற ஆக்களையும் சேத்து, புதுசா வாக்கெடுத்தினம். அதில அரீத்தா ப்ராங்க்ளின்ர ரெஸ்பெக்ட் முதலாவதா வந்திட்டுது, டிலன்ர பாட்டு நாலாவதுக்குப் போட்டுது. ரெஸ்பெக்ட் 1967இல வந்தது, 2004 லிஸ்ற்றில அது அஞ்சாவது. இடையில இருந்த பதினேழு வருசத்தில ரெண்டு பாட்டிலயும் ஒரு சுரம்கூட மாறேல்லை, வாக்குப் போட்ட ஆக்கள்தான் மாறினவை. இன்னொண்டு, ரெஸ்பெக்ட்டை முதல்ல 1965இல எழுதிப் பாடினது ஓட்டிஸ் ரெடிங் எண்ட ஒரு ஆம்பிளை, உழைச்சுக் களைச்சு வீட்டுக்கு வாற எனக்கு மரியாதை தா எண்டு ஒரு ஆம்பிளை கேக்கிற பாட்டு, அதையே அரீத்தா எடுத்து ஒரு பொம்பிளை கேக்கிற பாட்டா மாத்திப் பாட உலகமே எழும்பி நிண்டது. ரெண்டையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக் கேட்டுப் பாருங்கோ, இங்கிலிஸ் முழுக்க விளங்காட்டியும் பாடுறவை மாற ஒரு பாட்டுக்கு என்ன நடக்குது எண்டு அதில நல்லா விளங்கும்.

எங்களுக்குக் கிட்டின ஒரு கதையும் இருக்கு. 2002இல பீபீசி உலக சேவை, உலகத்தின்ர விருப்பமான பாட்டு எது எண்டு நேயர்களிட்ட வாக்குக் கேட்டது. முதலாவது அயர்லாந்துப் பாட்டு, ரெண்டாவது வந்தே மாதரம், மூண்டாவது பாகிஸ்தான் பாட்டு, நாலாவது தளபதிப் படத்தில வந்த ராக்கம்மா கையத் தட்டு, அஞ்சாவது எங்கட ஈழத்துத் திருமலைச் சந்திரன் பாடின பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது. பூவும் பிஞ்சுமாச் சனம் இடம்பெயர்ந்து நடந்து போறதெண்டால் என்னெண்டு வன்னியில ஆருக்கும் விளக்கத் தேவையில்லை. எட்டாவது இடத்தில ஷேர் பாடின பிலீவ், அது உலகம் முழுக்க வித்த பாட்டு, அது எங்கட பாட்டுக்குக் கீழ. இதைப் பாத்து உலகத்தில அஞ்சாவது பெரிய பாட்டு எங்கடதான் எண்டு சண்டைக்குப் போறதில எனக்கு உடன்பாடில்லை. எனக்கு அதில பெரிசாத் தெரியிறது வேற, உலகம் முழுக்கச் சிதறிப்போய்க் கிடந்த சனம் ஒவ்வொராளா இருந்து அந்தப் பாட்டின்ர பேரை எழுதியிருக்கு. ஒரு லிஸ்ற்றில இடம் எண்டது பாட்டின்ர அளவை மட்டும் சொல்லுறேல்லை, அந்தப் பாட்டு ஆருக்குத் தேவைப்பட்டது எண்டதையும் சொல்லும்.

அதால லிஸ்ற்றுகளில இருந்து தெரியாத பாட்டாப் பாத்து ஒரு இருபது எடுங்கோ. முதல் பத்தை மட்டும் எடுக்காதேங்கோ, நடுவிலயும் கடைசியிலயும் இருந்தும் எடுங்கோ. தமிழில எண்டால் அம்பதுகளில இருந்து ஒவ்வொரு பத்து வருசத்துக்கும் ரெண்டு மூண்டு எடுக்கலாம். இளையராஜா வாறதுக்கு முந்தி, அதாவது 1976 அன்னக்கிளிக்கு முந்தினது எல்லாம் ஒரே மாதிரி எண்டு சொல்லுற பெடியள் இருக்கினம், கேக்காமச் சொல்லுறது அது. அதே மாதிரி 1992இல ரோஜா வந்ததுக்குப் பிறகு பாட்டே இல்லை எண்டு சொல்லுற பெரியாக்களும் இருக்கினம், அதையும் நம்ப வேண்டாம்.

கேக்கிற விதம்

இதுதான் முக்கியமான வேலை, இதுக்குத்தான் கனக்க நேரம் போகும். டேற்றா விட்டு விட்டு வாற இடமெண்டால் முதலே டவுன்லோட் பண்ணி வையுங்கோ, பாட்டின்ர நடுவில சுத்திக்கொண்டு நிண்டால் கேட்டதுக்குக் கணக்கில்லை. பரந்தனில இருந்து முல்லைத்தீவு போற பஸ்ஸில கேக்கிறது நல்ல அனுபவம்தான், ஆனா தெரிஞ்செடுக்கிற வேலைக்கு அது சரிவராது, அங்க பேஸ்தான் கேக்கும், சொல் கேக்காது. இராச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீடு அடங்கின நேரம், சாதாரண ஹெட்போன் காணும்.

படத்தைப் பாக்காதேங்கோ. போனைக் கவிட்டு வைச்சிட்டுக் கேளுங்கோ. சினிமாப் பாட்டில நடிகர்ர முகமும் டான்ஸும் பாதி வேலையைச் செய்துபோடும், படமில்லாமலும் நிக்குதோ எண்டு பாக்கோணும். ஒரே பாட்டை மூண்டு நாள் கேளுங்கோ, ஒரு நாள் குரலை மட்டும் பின்தொடருங்கோ, எங்க மூச்செடுக்கினம், எந்தச் சொல்லில குரல் மெலியுது எண்டு. இன்னொரு நாள் சொல்லை மட்டும், ஏலுமெண்டால் வரியை எழுதிப் போட்டு மெட்டில்லாம வாய்விட்டு வாசியுங்கோ, சில பாட்டு வெறும் வாசிப்பிலயே நிக்கும், சிலது மெட்டில்லாட்டி ஒண்டுமில்லை, அது குறை இல்லை, ஆனா உங்களுக்கு எது பிடிச்சதெண்டு தெரிய வரும். மற்ற நாள் குரலுக்குப் பின்னால என்ன நடக்குதெண்டு. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில வாற இசையைத் தள்ளிவிட்டுக் கேக்கிற பழக்கம் இருந்தால் அதை விடோணும், இளையராஜாவின்ர பாட்டில அந்த நடு இசைதான் சில நேரம் பாட்டின்ர நெஞ்சு.

முழுசாக் கேக்கோணும் எண்டு ஏன் இவ்வளவு சொல்லுறன் எண்டால், ராக்கம்மா கையத் தட்டையே எடுங்கோ. எஸ்.பி.பாலசுப்ரமணியமும் ஸ்வர்ணலதாவும் பாடின கும்மாளப் பாட்டு, கலியாண வீட்டில கேட்டிருப்பியள். அதின்ர நடுவில ஆட்டமெல்லாம் விலகி "குனித்த புருவமும்" எண்டு அப்பரின்ர தேவாரம் வருது, தில்லையில நிண்டு பாடின தேவாரம், எங்கட கோயில்களில பூசை முடிய ஓதுவினமே அதே தேவாரம். கும்மாளத்துக்குள்ள ஒரு கோயில் திறந்து திரும்ப மூடுற மாதிரி. ஒரு நிமிசத்தில அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுற ஆளுக்கு அந்த இடம் வரவே வராது, அவருக்கு அது வெறும் டான்ஸ் பாட்டு. அந்த இடத்தைக் கேட்ட ஆளுக்குப் பாட்டே வேற.

நினைவு வந்து குழப்பிற இடம்

எங்கட பக்கத்து ஆக்களுக்கு இதில ஒரு சிக்கல் இருக்கு, வெளியூர்க்காரர் எழுதுற வழிகாட்டிகளில இது இருக்காது. எங்களுக்குப் பாட்டோட ஆக்களும் ஒட்டிக்கொண்டு வருவினம். ஒரு பாட்டைக் கேட்டால் அண்ணா வருவார், ஒரு பாட்டைக் கேட்டால் விட்டிட்டு வந்த வீட்டு முத்தம் வரும், 2009க்குப் பிறகு சில வீடுகளில சில பாட்டைப் போடவே மாட்டினம், ஆரும் தடுக்கேல்லை, ஆனா போடமாட்டினம். அப்பிடியான பாட்டைப் பத்துக்குள்ள போடுறதோ விடுறதோ?

நான் சொல்லுறது, அதுக்கு வேற பக்கம் வையுங்கோ. கொப்பியில ஒரு தாளை மடிச்சு அந்தப் பாட்டுகளை அங்க எழுதுங்கோ, நம்பர் போடாதேங்கோ, மற்றப் பாட்டோட போட்டிக்கு விடாதேங்கோ. கேக்க ஏலாட்டி கேக்கத் தேவையில்லை, கேட்டே ஆகோணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. வீட்டில வேற ஆருக்கும் நோகும் எண்டு தெரிஞ்சால் ஸ்பீக்கரில போடாதேங்கோ, ஹெட்போனில கேளுங்கோ.

ஆனா நோகாத நினைவுகளும் பாட்டை மறைக்கும். வீடு வரை உறவு எங்கட ஊர்ச் செத்தவீட்டு ஸ்பீக்கரில எத்தினை தரம் கேட்டிருப்பம், அதால அது பாட்டாவே எங்கட காதில விழுறதில்லை, பந்தல், வாங்கில், பறைச்சத்தம், இதுகள்தான் வரும். ஒருக்கா ஒரு சாதாரண நாளில, ஆரும் சாகாத ஒரு நாளில, இருந்து கேளுங்கோ. 1962இல பாத காணிக்கை எண்ட படத்துக்குக் கண்ணதாசன் எழுதினது, எவ்வளவு சின்னச் சின்னச் சொல்லு, படிக்காத ஆளுக்கும் விளங்கிற சொல்லு, ரி.எம்.சௌந்தரராஜன் அதை அழாமப் பாடுறார் பாருங்கோ, பாடுறவர் அழாமல் பாடுறதாலதான் கேக்கிறவருக்கு இறங்குது. செத்தவீட்டில இருந்து அந்தப் பாட்டைக் கொஞ்சம் வெளியில எடுத்தால்தான் இது தெரியும். எடுத்துப் பாத்த பிறகும் அது உங்கட பத்துக்குள்ள வராட்டி வரேல்லை, அதுவும் சரி.

பத்தாக் குறைக்கிறது

இப்ப கொப்பியில அம்பது அறுபது இருக்கும். ஒண்டாவது ரெண்டாவது எண்டு நம்பர் போடத் தொடங்கினால் தலை சுத்தும். ரெண்டு ரெண்டாப் பிடியுங்கோ, இளைய நிலாவோ பொன்மாலைப் பொழுதோ, ஒண்டைத்தான் வைக்கலாம் எண்டால் எது? ரெண்டும் எஸ்.பி.பி, ரெண்டும் இளையராஜா, ரெண்டும் வைரமுத்து, பொன்மாலைப் பொழுது 1980இல அவற்ற முதல் சினிமாப் பாட்டு வேற, ஆனாலும் உங்கட காது ஒண்டுக்குப் பக்கம் சாயும். ஏன் சாயுது எண்டு ஒரு வரி எழுதுங்கோ. "நல்லா இருக்கு" எண்டு எழுதாதேங்கோ, "தொடக்கத்தில கிற்றார் தனிய வாற இடம்" எண்டு எழுதுங்கோ. அப்பிடி ஒரு இடத்தைக் காட்ட ஏலாத பாட்டை நான் எண்டால் வெட்டிப்போடுவன்.

முடிவு வராட்டி பழைய டைனமோவை நினையுங்கோ. இந்தப் பாட்டு முடியும் வரைக்கும் கை நோக நோகப் பெடலைச் சுத்திக்கொண்டு நிப்பனோ? எனக்குத் தெரிஞ்ச சோதனையில இதைவிட நேர்மையானது இல்லை.

பழைய பாட்டு இத்தினை, புதுப்பாட்டு இத்தினை, பக்திப்பாட்டு ஒண்டு, இங்கிலிஸ் ஒண்டு எண்டு பங்கு பிரிக்காதேங்கோ. பத்தும் ஒரே இசையமைப்பாளர் எண்டாலும் பரவாயில்லை. சிங்களப் பாட்டோ ஹிந்திப் பாட்டோ வந்தால் வரட்டும். பத்துத் தெரிஞ்ச பிறகு கொப்பியை மூடி ஒரு மாசம் தள்ளி வையுங்கோ, பேந்து திறந்து பாக்கேக்க ரெண்டு மூண்டாவது மாறும், மாத்துங்கோ.

ஆர்ர பாட்டு எண்டு எழுதுறது

எங்கட சனம் எம்ஜிஆர் பாட்டு, சிவாஜி பாட்டு எண்டுதான் சொல்லும். ரெண்டு பேருக்கும் பாடினது பெரும்பாலும் ரி.எம்.எஸ் எண்டு தெரியும், எழுதினது ஆர் எண்டு கேட்டால் பேசாம நிப்பினம். தூங்காதே தம்பி தூங்காதே 1958 நாடோடி மன்னன் பாட்டு, எழுதினது பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், அடுத்த வருசம் ஆள் இல்லை, இருபத்தொன்பது வயசு. கண்ணே கலைமானே 1982இல மூன்றாம் பிறையோட வந்தது, அதைச் சினிமாவுக்குக் கடைசியா எழுதின பாட்டா விட்டிட்டு கண்ணதாசன் 1981இலயே செத்துப்போனார். இதெல்லாம் தெரிஞ்சால் பாட்டு இன்னும் நல்லாக் கேக்கும் எண்டு இல்லை, ஆனா ஒராளின்ர எழுத்து உங்களுக்குத் திரும்பத் திரும்பப் பிடிக்குதெண்டு தெரிஞ்சால் அடுத்து எங்க தேடுறது எண்டு வழி தெரியும். அதால பத்துக்கும் பக்கத்தில எழுதினவர், இசை, பாடினவர், படம், வருசம் எல்லாம் எழுதுங்கோ. யூரியூப்பில கீழ போட்டிருக்கிறதை ரெண்டு இடத்தில சரிபாருங்கோ, அதில கனக்கப் பிழை.

லிஸ்ற்றில இல்லாத பாட்டு

கடைசியாச் சொல்லுறன், ஆனா வீட்டில வயசு போன ஆக்கள் இருந்தால் இதை முதல்ல செய்யுங்கோ. உங்கட பத்துக்குள்ள ஒண்டாவது எந்த யூரியூப்பிலயும் இல்லாத பாட்டா இருக்கலாம். அப்பாச்சி பாடின தாலாட்டு, அரிவி வெட்டேக்கப் பாடின பாட்டு, சூடு மிதிக்கேக்க மாட்டுக்குப் பின்னால நடந்து பாடினது, இராக்காவலுக்குப் பரணில இருந்து நித்திரை வராமப் பாடினது, கோவலன் கூத்தில கேட்ட பாட்டு. இப்ப வெட்டிற மெசின் வந்து ஒரு மணித்தியாலத்தில வயல் முடியுது, அதில ஆர் பாடுறது. குமுளமுனைப் பக்கத்து அரியாத்தை ஆனை பிடிச்ச கதையில வாற வேலப்பணிக்கன் ஒப்பாரி மாதிரிச் சிலது புத்தகத்தில ஏறிட்டுது, மெட்டு புத்தகத்தில ஏறாது.

போனில றெக்கோட் பண்ணுங்கோ. பாடச் சொன்னால் வெக்கப்படுவினம், அதால முதல் கதைக்க விடுங்கோ, எந்த வயல், ஆரோட வெட்டப் போனவை எண்டு கேக்கக் கேக்கத் தானா வரும். ஃபானை நிப்பாட்டுங்கோ, ரீவியை நிப்பாட்டுங்கோ, போனை மேசையில வையாமக் கையில பிடியுங்கோ. நடுவில மறந்து நிண்டால் எடுத்துக் குடுக்காதேங்கோ, பொறுத்திருங்கோ. முடிய பாடினவர்ர பேர், ஊர், ஆரிட்டப் பழகினவர், எந்த வேலைக்குப் பாடுறது எண்டு அதே றெக்கோடிங்கில உங்கட குரலில சொல்லி முடியுங்கோ, அப்ப ஃபைல் எங்க போனாலும் விவரம் கூடப் போகும். போன் துலைஞ்சால் எல்லாம் போகும், அதால வட்ஸ்அப்பில மட்டும் விட்டு வைக்காம ஒரு பென்டிரைவிலயும், வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் ஒராளின்ர கொம்பியூட்டரிலயும் ஒவ்வொரு பிரதி போட்டு வையுங்கோ.